வெளிநாட்டு பென்ஷனுக்கு நம்ம நாட்டுல வரி உண்டா? மலையகத்துல அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்ட ஆபிஸ்ல கிளாக்கரா இருந்து ரிட்டயர் ஆனவன். ஈ.பி.எஃப், ஈ.டி.எஃப் ஃபோம் நிரப்பிக் குடுத்து பழகிப் போனதால இப்பவும் ஆளுங்க கடுதாசியை தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வருவாங்க. 2025 ஏப்ரலுக்கு அப்புறம் வர்றவங்கள்ல நிறைய பேரு கேக்கிறது ஒரே விஷயம்தான். யூ.என்.ல ட்ரைவரா இருந்தவரு, லண்டன்ல வேலை செஞ்சிட்டு பண்டாரவளையில வீடு கட்டி வந்து உக்காந்தவங்க, டுபாய்ல இருந்து திரும்பின தம்பிமாரு, எல்லாருக்கும் வெளிநாட்டுல இருந்து வர்ற காசுக்கு இங்க வரி இருக்கான்னு ஒரு பயம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை விட அவங்க கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி பதிலையும் எழுதி வைக்கிறேன். நான் லோயரும் இல்ல, ஒடிட்டரும் இல்ல, சட்டத்தை வாசிச்சு ஃபோம் நிரப்பி வந்த அனுபவத்துல சொல்றேன், பெரிய தொகை சம்பந்தப்பட்டவங்க ஒரு கணக்காளரை பாத்துட்டு செய்யுங்க.

1. காசு குடுக்கிறது வெளிநாட்டு ஆபிஸ்தானே, அதுக்கு இங்க எதுக்கு வரி?

நம்ம வருமான வரி 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்துல நடக்குது. அந்த சட்டம் முதல்ல பாக்கிறது காசு எங்க இருந்து வருதுங்கிறதை இல்ல, வாங்கிற ஆள் எங்க இருக்காருங்கிறதை. இலங்கையில வதியிறவரா இருந்தா உலகத்துல எங்க இருந்து வருமானம் வந்தாலும் கணக்குல சேரும். வதியாதவரா இருந்தா இலங்கையில உண்டான வருமானம் மட்டும்தான் சேரும். பென்ஷன்ங்கிறது செஞ்சு முடிச்ச வேலைக்காக வர்ற காசு, அதனால அதை தொழில் வருமானத்தோட சேர்த்துத்தான் பாக்கிறாங்க.

வதியிறவர்னா யாருன்னு கேப்பீங்க. இங்கயே குடியிருந்தா நீங்க வதியிறவர். அங்கயும் இங்கயும் போய் வந்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கு 183 நாள் கணக்கு இருக்கு, அந்த வரி வருஷத்துல தொடங்குற இல்லாட்டி முடியுற ஏதாவது ஒரு 12 மாசத்துக்குள்ள 183 நாளோ அதுக்கு மேலயோ நாட்டுல இருந்தீங்கன்னா வதியிறவர்தான். பாஸ்போர்ட் எந்த நாட்டுதுங்கிறது இதுல வராது, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வச்சுக்கிட்டு ஹப்புத்தளையில குடியிருக்கிறவரும் வதியிறவர்தான்.

2. இத்தனை வருஷம் யாரும் கேக்கலையே, இப்ப மட்டும் என்ன புதுசா?

நியாயமான கேள்வி. 2020 ஜனவரியில இருந்து, வெளிநாட்டுல இருந்து வெளிநாட்டு காசா உழைச்சு அதை பேங்க் வழியா இங்க கொண்டு வந்தா வரி விலக்குன்னு இருந்துச்சு. அந்த விலக்கு 2025 மார்ச் 31ஓட முடிஞ்சுது. 2025ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க திருத்தச் சட்டம் வந்து 2025 ஏப்ரல் 1ல இருந்து அந்த வருமானமும் வரிக்குள்ள வந்துருச்சு. அதனால "எங்க மாமாவுக்கு வரி கிடையாதுன்னு ஒடிட்டர் சொன்னாரே"ன்னு யாராவது சொன்னா அவரு பொய் சொல்லல, அவரு சொன்ன காலத்துல அது சரி. பழைய பதிலை இந்த வருஷத்துக்கு தூக்கிட்டு வந்துதான் நிறைய பேரு மாட்டிக்கிறாங்க.

வரி வருஷம் ஏப்ரல் 1ல தொடங்கி அடுத்த வருஷம் மார்ச் 31ல முடியும், அதையும் ஞாபகத்துல வச்சுக்கோங்க, ஜனவரியில இருந்து டிசம்பர் வரைக்கும் கூட்டி எடுத்துட்டு வர்றவங்க கணக்கை நான் திரும்ப முதல்ல இருந்து போட வேண்டி வருது.

3. அப்ப எவ்வளவு வந்தா வரி, எவ்வளவு கட்டணும்?

வதியிற ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 18 லட்சம் ரூபா தனிநபர் நிவாரணம் இருக்கு, மாசத்துக்கு பாத்தா 150,000. மொத்த வருமானம் அதுக்குள்ள இருந்தா வரி இல்ல. அதுக்கு மேல போற காசுல முதல் 10 லட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 லட்சத்துக்கு 18, அடுத்த 5 லட்சத்துக்கு 24, அதுக்கடுத்த 5 லட்சத்துக்கு 30, மிச்சத்துக்கு 36 வீதம். இது பொதுவான அட்டவணை, வெளிநாட்டு காசுக்கு ஒரு சலுகை இருக்கு, அதை 6ஆவது கேள்வியில சொல்றேன்.

ஒரு கணக்கு போட்டு பாப்போம். மாசம் 600 டொலர் பென்ஷன், ஒரு டொலர் 300 ரூபான்னு சும்மா கணக்குக்கு வச்சுக்குவோம். மாசம் 180,000, வருஷத்துக்கு 2,160,000. இதுல 18 லட்சத்தை கழிச்சா 360,000 மிஞ்சும், அதுக்கு 6 வீதம் 21,600 ரூபா. வருஷத்துக்கேதான் அவ்வளவு, மாசத்துக்கு பிரிச்சா 1,800 ரூபா. பாதி பென்ஷனை அரசாங்கம் எடுத்துக்கும்னு நினைச்சு ராத்திரி தூங்காம இருந்த ஒரு அம்மாவுக்கு இந்த கணக்கை பேப்பர்ல போட்டு காட்டின பிறகுதான் மூச்சு வந்துச்சு. வரி இருக்கான்னு மட்டும் கேட்டு பயப்படாதீங்க, எவ்வளவுன்னு போட்டுப் பாருங்க.

4. அப்பாவுக்கு மாசம் 400 டொலர்தான் வருது. அவரும் கட்டணுமா?

அதே 300 ரூபா கணக்குல 400 டொலர்னா மாசம் 120,000, வருஷத்துக்கு 1,440,000. வேற வருமானம் இல்லாட்டி வரி இல்ல. ஆனா 18 லட்சம்ங்கிறது பென்ஷனுக்கு மட்டும் குடுத்த நிவாரணம் இல்ல, எல்லா வருமானத்துக்கும் சேர்த்து ஒண்ணுதான். டவுன்ல கடை ஒண்ணை வாடகைக்கு விட்டிருக்காரு, மாசம் 50,000 வருதுன்னா வருஷத்துக்கு 6 லட்சம். வாடகையில 25 வீதம் கழிச்சுக்கலாம், மிச்சம் 450,000. பென்ஷனோட கூட்டினா 1,890,000. 18 லட்சம் போக 90,000, அதுக்கு 6 வீதம் 5,400 ரூபா. பென்ஷன் சின்னதுங்கிறதால மட்டும் வெளியில நிக்க முடியாது, எல்லாத்தையும் ஒண்ணா கூட்டிப் பாக்கணும்.

5. நான் டீச்சரா இருந்தேன், அரசாங்க பென்ஷன் வருது. அதோட வெளிநாட்டு பென்ஷனும் கொஞ்சம் வருது. ரெண்டையும் சேர்க்கணுமா?

சேர்க்க வேணாம். இலங்கை அரசாங்கமோ அரசாங்க திணைக்களமோ குடுக்கிற பென்ஷனுக்கு வரி விலக்கு இருக்கு, அது வரிக் கணக்குக்குள்ளயே வராது. வெளிநாட்டு பென்ஷனை மட்டும் எடுத்து 18 லட்சத்தோட ஒப்பிட்டு பாருங்க. அரசாங்க பென்ஷன் எடுக்கிறதால உங்க 18 லட்சம் குறையாது.

இந்த விலக்கு நம்ம அரசாங்கம் குடுக்கிற பென்ஷனுக்கு மட்டும். வேற நாட்டு அரசாங்கம் குடுத்தா "அதுவும் அரசாங்க பென்ஷன்தானே"ன்னு இங்க சொல்ல முடியாது, அதுக்கு 9ஆவது பதில்ல சொல்ற ஒப்பந்தத்தை பாக்கணும்.

6. வெளிநாட்டு காசுக்கு 15 வீதத்துக்கு மேல போகாதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான், ஆனா நிபந்தனையோட. வெளிநாட்டு மூலத்துல இருந்து வெளிநாட்டு காசா உழைச்சது, அது பேங்க் வழியா இலங்கைக்கு வந்திருக்கணும். அப்படி வந்தா ஆகக் கூடின வீதம் 15. அதாவது 18 லட்சம் நிவாரணம், அடுத்த 10 லட்சத்துக்கு 6 வீதம், அதுக்கு மேல எவ்வளவு இருந்தாலும் 15 வீதம்.

சின்ன பென்ஷன்காரருக்கு இதால பெரிய வித்தியாசம் இல்ல, பெரிய பென்ஷனுக்கு நிறைய இருக்கு. மாசம் 1,500 டொலர் வர்றவரை எடுத்துக்குவோம், வருஷத்துக்கு 54 லட்சம் ரூபா, நிவாரணம் போக 36 லட்சம். சலுகையோட பாத்தா 10 லட்சத்துக்கு 60,000, மிச்ச 26 லட்சத்துக்கு 390,000, மொத்தம் 450,000. பொதுவான அட்டவணையில போட்டா 816,000. வித்தியாசம் 366,000 ரூபா.

இதனாலதான் உண்டியல்காரன்கிட்ட, அதான் பேங்க் இல்லாம காசு கைமாத்திக் குடுக்கிறவன்கிட்ட, ரேட் ரெண்டு ரூபா கூட கிடைக்குதுன்னு அந்தப் பக்கம் போகாதீங்கன்னு சொல்றேன். உண்டியல்ல வந்த காசு பேங்க் வழியா வந்ததா ஆகாது, 15 வீத சலுகை போயிரும், அந்த காசு எங்க இருந்து வந்துச்சுன்னு நிரூபிக்க ஒரு துண்டும் கையில இருக்காது. பேங்க்ல வர்ற ஒவ்வொரு தடவையும் எத்தனை டொலர், என்ன ரேட், எத்தனை ரூபான்னு காட்டுற பேப்பரை கேட்டு வாங்கி ஒரு ஃபைல்ல போடுங்க.

7. யூ.என். சம்பளத்துக்கு வரியே இல்லையே, அப்ப பென்ஷனுக்கும் இல்லைதானே?

இதைத்தான் எல்லாரையும் விட கூடுதலா கேட்டிருக்காங்க, சரியா விளங்கிக்கணும். ஐக்கிய நாடுகள் சலுகைகள், விலக்குரிமைகள் பத்தி 1946ல ஒரு உடன்படிக்கை வந்துச்சு, அதுல 18ஆவது பிரிவு, யூ.என். அதிகாரிகளுக்கு யூ.என். குடுக்கிற சம்பளத்துக்கும் படிகளுக்கும் வரி இல்லைன்னு சொல்லுது. பென்ஷன்னு அங்க எழுதல. வேலையில இருக்கும்போது இருந்த பாதுகாப்பு வேலையை விட்டு இறங்கின பிறகு கூடவே வராது.

யூ.என். பென்ஷன் நிதி வரி வெட்டாம முழுசா அனுப்பும், நீங்க வாழுற நாட்டு சட்டப்படி வரியை நீங்களே பாத்துக்கணும்ங்கிறதுதான் அவங்க நிலைப்பாடு. வெட்டாம வந்ததை பாத்துட்டு வரி இல்லைன்னு நினைச்சுக்கிறாங்க நம்மாளுங்க, தோட்டத்துல செக்ரோல்லயே எல்லாத்தையும் வெட்டிட்டு மிச்சத்தை கையில குடுத்து பழகின பழக்கம் அது. இங்க வெட்டுறதுக்கு ஆள் இல்ல, அதனால கணக்கு பாக்கிற பொறுப்பு நம்ம தலையில. வருஷா வருஷம் அந்த நிதி குடுக்கிற பென்ஷன் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைங்க, அதுதான் உங்க முதல் ஆதாரம். உயிரோட இருக்கேன்னு ஒப்பம் வச்சு அனுப்புற சான்றிதழ் வேற விஷயம், அதை அனுப்பிட்டா வரி வேலையும் முடிஞ்சுதுன்னு ஒருத்தரு நினைச்சுக்கிட்டு இருந்தாரு, அதுக்கும் இதுக்கும் தொடர்பு இல்ல.

8. நான் அந்த ஆபிஸுக்கு வேலை செஞ்சது வெளிநாட்டுல இல்ல, நுவரெலியாவுலயும் பதுளையிலயும்தான். எனக்கும் அந்த 15 வீதம் கிடைக்குமா?

இது கொஞ்சம் சிக்கலான இடம், அவசரப்பட்டு ஆமான்னு சொல்ல மாட்டேன். 6ஆவது பதில்ல சொன்ன சலுகை வெளிநாட்டு மூலத்துக்கு. தொழில் வருமானத்தோட மூலம் எதுன்னு பாக்கும்போது வேலையை எங்க இருந்து செஞ்சீங்கங்கிறது ஒரு முக்கியமான விஷயம், சம்பளம் ஜெனீவாவுல இருந்து வந்துச்சா நியூயோர்க்ல இருந்து வந்துச்சாங்கிறது மட்டும் போதாது. முழுக்க இலங்கையில செஞ்ச வேலைக்கு வர்ற பென்ஷனை இலங்கை மூலம்னு எடுக்கலாம், அப்படி எடுத்தா பொதுவான அட்டவணைதான்.

மாசம் 233,000 ரூபாவுக்குள்ள வர்றவங்களுக்கு இதுல கவலையே இல்ல, 18 லட்சமும் அடுத்த 10 லட்சமும் சேர்த்து வருஷத்துக்கு 28 லட்சம் வரைக்கும் ரெண்டு வழியிலயும் வரி ஒண்ணுதான். அதுக்கு மேல வருதுன்னா நீங்களா 15 வீதம்னு போட்டு அனுப்பாதீங்க. நியமனக் கடிதம், வேலை செஞ்ச இடம் காட்டுற பேப்பர், பென்ஷன் ஸ்டேட்மென்ட் இதெல்லாம் வச்சு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு எழுதி எழுத்துல பதில் வாங்குங்க. ஆணையாளர் நாயகம் ஒரு தனி ஆளோட விஷயத்துக்கு தீர்மானம் எழுதிக் குடுக்கிற முறை சட்டத்துலயே இருக்கு. வாயால சொன்ன பதிலை அஞ்சு வருஷம் கழிச்சு காட்ட முடியாது.

9. அந்த நாட்டுலயே வரி வெட்டிட்டு அனுப்புறாங்க. ரெண்டு தடவை கட்டணுமா?

ரெண்டு தடவை முழுசா கட்ட வேண்டி வராது, அதுக்கு ரெண்டு வழி இருக்கு. முதல் வழி, இலங்கைக்கும் அந்த நாட்டுக்கும் நடுவுல இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கான்னு பாக்கிறது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தோட வெப்சைட்ல ஒப்பந்தங்கள் இருக்கு. அதுல பென்ஷனுக்குன்னு தனி உறுப்புரை இருக்கும், அதை வாசிங்க. நிறைய ஒப்பந்தங்கள்ல கம்பனி பென்ஷனுக்கு வரி போடுற உரிமை ஆள் வாழுற நாட்டுக்கு, அரசாங்க உத்தியோகத்து பென்ஷனுக்கு குடுக்கிற நாட்டுக்குன்னு பிரிச்சிருப்பாங்க, ஆனா ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், அண்ணனோட நாட்டு ஒப்பந்தத்தை வாசிச்சிட்டு தம்பியோட பென்ஷனுக்கு முடிவு எடுக்கக் கூடாது.

ஒப்பந்தப்படி அங்க வெட்டக் கூடாதுன்னா அங்க உள்ள ஃபோமை நிரப்பி நிப்பாட்டணும். அமெரிக்காவுல வதியாத வெளிநாட்டவருக்கு அந்த நாட்டு பென்ஷன்ல வழக்கமா 30 வீதம் வெட்டுவாங்க, ஒப்பந்த சலுகை கேக்கிறதுக்கு டபிள்யூ-8 பென்னுன்னு ஒரு ஃபோம் இருக்கு. இங்கிலாந்துல இறைவரி ஆபிஸுக்கு எழுதி, இலங்கையில வதியிறவர்ங்கிறதுக்கு இங்கத்த திணைக்களத்தோட உறுதிப்படுத்தலையும் வச்சு அனுப்பணும், சரின்னா உங்க வரிக் குறியீட்டை என்.டி.ன்னு மாத்துவாங்க, அதுக்கப்புறம் வெட்ட மாட்டாங்க.

ரெண்டாவது வழி, அங்க கட்டின வரியை இங்க கட்ட வேண்டிய வரியில கழிக்கிறது, வெளிநாட்டு வரி வரவுன்னு சொல்லுவாங்க. இதுக்கு ஒரு எல்லை இருக்கு, அந்த வருமானத்துக்கு இங்க எவ்வளவு வரி வருமோ அவ்வளவுதான் கழிக்கலாம். 3ஆவது பதில்ல வந்த 600 டொலர்காரருக்கு இங்க வரி 21,600. அவருக்கு அங்க 80,000 ரூபா வெட்டியிருந்தா இங்க 21,600 கழிஞ்சு ஒண்ணும் கட்ட வேணாம், மிச்ச 58,400ஐ இங்க திருப்பி தரமாட்டாங்க. அதை அங்கதான் கேக்கணும். அதனாலதான் முதல் வழியை முதல்ல பாருங்கன்னு சொல்றேன். வெட்டினதுக்கு அத்தாட்சிப் பேப்பர் இல்லாம ஒரு சதமும் கழிக்க விடமாட்டாங்க.

10. லண்டன் ஸ்டேட் பென்ஷன் பல வருஷமா ஒரே தொகையா நிக்குது. வரி வெட்டுறாங்களா?

இல்லைங்க, அது வரி இல்ல. பிரிட்டிஷ் ஸ்டேட் பென்ஷன் வருஷா வருஷம் கூடும், ஆனா வெளிநாட்டுல வாழுறவங்கள்ல சில நாட்டுல இருக்கிறவங்களுக்குத்தான் அந்த கூட்டல் கிடைக்கும். இலங்கை அந்த லிஸ்ட்ல இல்ல. நீங்க இங்க வந்து எடுக்கத் தொடங்கின நாள்ல என்ன தொகையோ அதுவே நிக்கும். இருபது வருஷம் உழைச்சு அங்க இன்சூரன்ஸ் கட்டினவங்களுக்கு இது பெரிய அநியாயம்னுதான் நான் நினைக்கிறேன், ஆனா இங்கத்த வரி ஆபிஸ்ல போய் கேட்டு பிரயோசனம் இல்ல. இங்க கணக்கு பாக்கும்போது கையில வந்த அந்த பழைய தொகையைத்தான் ரூபாவுக்கு மாத்தி எடுக்கணும், அங்க இருக்கிறவங்களுக்கு கிடைக்கிற கூடின தொகையை இல்ல.

11. டுபாய்ல 17 வருஷம் இருந்துட்டு சேவைக் காசோட வந்தேன். அதுக்கு வரி போடுவாங்களா?

ஐக்கிய அரபு இராச்சியத்துல நம்மள மாதிரி வெளிநாட்டு தொழிலாளிக்கு கம்பனியில பென்ஷன் இல்ல, வேலை முடிஞ்சு போகும்போது சேவைக் காசு ஒண்ணு குடுப்பாங்க. அங்கத்த தொழில் சட்டப்படி முதல் அஞ்சு வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதுக்கு மேல வருஷத்துக்கு 30 நாள், மொத்தம் ரெண்டு வருஷ சம்பளத்தை தாண்டக் கூடாது. அங்க சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது, அதனால 9ஆவது பதில்ல சொன்ன மாதிரி கழிக்கிறதுக்கும் அங்க கட்டின வரி ஒண்ணும் இருக்காது.

இங்க பாக்க வேண்டியது காசு கைக்கு வந்த வருஷம் நீங்க வதியிறவரா இல்லையாங்கிறது. அங்கயே இருந்துக்கிட்டு எடுத்து, அந்த வரி வருஷத்துல இங்க வதியாதவரா இருந்தா அது வெளிநாட்டு வருமானம், இலங்கை வரி அதை தொடாது. ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு கம்பனி தாமதமா அனுப்பினதுன்னா 1ஆவது பதில்ல சொன்ன 183 நாள் கணக்கை போட்டுத்தான் பேசணும், பாஸ்போர்ட்ல உள்ள சீல் பக்கமெல்லாம் ஃபோட்டோகொப்பி எடுத்து வைங்க. பல வருஷமா மிச்சம் பிடிச்சு அனுப்பின சேமிப்பு வருமானம் இல்ல, அதுக்கு பயப்பட வேணாம், அந்த சேமிப்பை இங்க பேங்க்ல போட்டு வர்ற வட்டிதான் வருமானம்.

12. பென்ஷன்ல ஒரு பங்கை மொத்தமா எடுக்கலாம்னு சொல்றாங்க. எடுத்தா வரி கூடுமா?

யூ.என். நிதியில மூணுல ஒரு பங்கு வரைக்கும் மொத்தமா மாத்தி எடுக்கிற வசதி இருக்கு, வேற நிதிகள்லயும் இப்படி இருக்கு. நம்ம சட்டத்துல வேலை முடியும்போது மொத்தமா வர்ற காசுக்கு தனி வீதம், அதுல பென்ஷனை மாத்தி எடுத்த தொகையும் வரும். முதல் 1 கோடி ரூபாவுக்கு வரி இல்ல, அடுத்த 1 கோடிக்கு 6 வீதம், அதுக்கு மேல 12 வீதம். மாச பென்ஷனோட கலந்து 36 வீதத்துக்கு ஏறிப் போகும்னு பயப்பட வேணாம்.

வரியை மட்டும் பாத்து முடிவு எடுக்காதீங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கெஞ்சி சொல்றேன். ஒருக்கா எடுத்தா திரும்ப வைக்க முடியாது, மாச பென்ஷன் சாகிற வரைக்கும் குறைஞ்சே வரும். கல்யாண செலவுக்குன்னு எடுத்துட்டு பிறகு மருந்துக்கு காசில்லாம நின்ன குடும்பத்தை எனக்குத் தெரியும்.

13. பேங்க்ல 10 வீதம் வெட்டியிருக்காங்க. அதுதான் பென்ஷன் வரியா?

இல்ல, அது வட்டிக்கு வெட்டுற முற்பண வருமான வரி, 2025 ஏப்ரல் 1ல இருந்து 5 வீதம் 10 வீதமாச்சு. பென்ஷன் காசு எக்கவுண்டுக்கு வரும்போது பேங்க் வரி வெட்டாது, அந்த காசை ஃபிக்ஸட்ல போட்டு வட்டி வரும்போதுதான் வெட்டும். உங்க மொத்த வருமானம் வருஷத்துக்கு 18 லட்சத்துக்குள்ளன்னா பேங்க்ல சுய பிரகடன ஃபோம் ஒண்ணு குடுக்கலாம், குடுத்தா வெட்ட மாட்டாங்க. மொத்த வருமானம்னா பென்ஷனையும் கூட்டித்தான். பென்ஷனை மறைச்சு ஒப்பம் வைக்காதீங்க, அது பொய்ப் பிரகடனம்.

18 லட்சத்துக்கு மேல இருந்தா வெட்டின காசு வீணாப் போகாது, ரிட்டர்ன், அதான் வருஷாந்த வருமான வரி அறிக்கை, போடும்போது கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கலாம். அதுக்கு பேங்க்ல சேர்டிஃபிகேட் கேட்டு வாங்கணும்.

14. அவரு போன பிறகு பாதி பென்ஷன் எனக்கு வருது. அவரு பேர்ல கட்டணுமா, என் பேர்ல கட்டணுமா?

உங்க பேர்ல வந்தா உங்க வருமானம் அக்கா. நம்ம நாட்டுல கணவன், மனைவி கணக்கு தனித்தனி, அதனால உங்களுக்குன்னு முழு 18 லட்சம் நிவாரணம் இருக்கு. பாதி பென்ஷன்ங்கிறதால நிறைய பேருக்கு வரியே வராது. அவரு உயிரோட இருந்த மாசங்களுக்கு அவரு பேர்ல ஒரு கணக்கு, அதுக்கப்புறம் வந்த மாசங்களுக்கு உங்க பேர்ல ஒரு கணக்கு. அவரோட டின் நம்பர்ல (வரி கட்டுற ஆளுக்கு திணைக்களம் குடுக்கிற இலக்கம்) உங்க காசை போடாதீங்க, உங்களுக்கு தனியா எடுங்க.

15. ரெண்டு வருஷ அரியர்ஸ் ஒரே நாள்ல வந்துருச்சு. பிரிச்சு காட்டலாமா?

தொழில் வருமானத்துக்கு காசு கைக்கு வந்த நாள்தான் கணக்கு. ரெண்டு வருஷத்துக்கு உரியதா இருந்தாலும் வந்து சேர்ந்த வரி வருஷத்துலதான் காட்டணும். அதனால அந்த ஒரு வருஷம் மட்டும் 18 லட்சத்தை தாண்டி போகலாம், அடுத்த வருஷம் திரும்ப இறங்கிரும். அரியர்ஸ் எந்தெந்த மாசத்துக்குன்னு காட்டுற கடிதத்தை வைங்க, ஏன் ஒரு வருஷம் மட்டும் ஏறுச்சுன்னு கேட்டா காட்டலாம்.

16. இதெல்லாம் சரி, எங்க போய் எப்படி செய்றது? கொழும்புக்கு போகணுமா?

போக வேணாம். முதல்ல டின் நம்பர் எடுக்கணும், அதை ஒன்லைன்லயே எடுக்கலாம். கண்டியில திணைக்களத்தோட பிராந்திய அலுவலகம் இருக்கு, சந்தேகத்துக்கு 1944க்கு கோல் எடுக்கலாம். ரிட்டர்னும் ஒன்லைன்ல, நவம்பர் 30க்கு முதல். வரியை நாலு தவணையா கட்டணும், ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. மிச்சம் ஏதும் இருந்தா செப்டம்பர் 30. உங்களுக்கு வெட்டித் தர ஆள் இல்லாததால இந்த தேதிகளை கலண்டர்ல சிவப்பு பேனையால வட்டம் போடுங்க.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு ரெண்டு விஷயத்துல கூடுதல் கவனம் வேணும். ஒண்ணு பேரு. பிறப்புப் பத்திரத்துல ஒரு எழுத்து, அடையாள அட்டையில வேற எழுத்து, பென்ஷன் பேப்பர்ல தகப்பன் பேரு முன்னாலயும் பாஸ்போர்ட்ல பின்னாலயும். டின் எடுக்கும்போது அடையாள அட்டையில உள்ளபடி எடுத்துட்டு, ரெண்டும் ஒரே ஆள்தான்னு சத்தியக்கடதாசி ஒண்ணை ஃபைல்ல வைங்க. ரெண்டாவது விலாசம். லயத்து விலாசத்துக்கு வர்ற கடிதம் தோட்ட ஆபிஸ்ல கிடந்து மூணு வாரம் கழிச்சு கைக்கு வந்ததை நான் ஆபிஸ்ல இருந்த காலத்துலயே பாத்திருக்கேன், திணைக்களத்து கடிதத்துக்கு நாள் கணக்கு இருக்கு. அதனால பதியும்போது உங்க சொந்த ஃபோன் நம்பரும் பிள்ளைகளோட ஈமெயிலும் சரியா குடுங்க, கொமியூனிகேஷன் கடைக்காரரோட ஈமெயிலை குடுக்காதீங்க, பாஸ்வேர்டையும் அவருகிட்ட விட்டுட்டு வராதீங்க.

17. கட்ட வேண்டிய வரி பூஜ்யம்னா ரிட்டர்ன் போடணுமா?

வரி ஒண்ணும் கட்ட வேண்டியது இல்லாத வதியிற ஆளு பொதுவா போட வேண்டியதில்ல. ஆனா போடுங்கன்னு திணைக்களம் அறிவித்தல் அனுப்பினா பூஜ்யமா இருந்தாலும் போட்டே ஆகணும். "எனக்குத்தான் வரி இல்லையே"ன்னு அந்த கடிதத்தை அலமாரியில போட்டு வைக்காதீங்க.

18. இவ்வளவு நாளா ஒண்ணும் செய்யல. இப்ப போய் சொன்னா பிடிச்சுக்குவாங்களோ?

பிடிக்கிறதுக்கு முதல்ல கட்ட வேண்டிய வரி இருக்கணும். 2ஆவது பதில்ல சொன்ன மாதிரி 2025 மார்ச் 31 வரைக்கும் பேங்க் வழியா வந்த வெளிநாட்டு மூல வருமானத்துக்கு விலக்கு இருந்துச்சு, அதனால நிறைய பேருக்கு பழைய வருஷங்கள்ல பயப்பட ஒண்ணும் இல்ல. அந்த வருஷங்கள்ல காசு பேங்க் வழியாதான் வந்துச்சுன்னு காட்டுற ஸ்டேட்மென்ட்டை மட்டும் எடுத்து வைங்க. 8ஆவது கேள்வி மாதிரி இங்கயே வேலை செஞ்சவங்க மட்டும் பழைய வருஷத்தையும் ஒரு கணக்காளர்கிட்ட காட்டுங்க.

2025 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த காசுக்கு வரி இருந்து, ரிட்டர்ன் போடாம விட்டா தண்டம் 50,000 ரூபாவுல தொடங்கி மாசத்துக்கு 10,000 கூடிக்கிட்டே போகும், 4 லட்சம் வரைக்கும் போகலாம், கட்டாத வரிக்கு மாசம் 1.5 வீதம் வட்டி வேற. 3ஆவது பதில்ல உள்ள அம்மாவுக்கு வரி 21,600தான், அவங்க பயந்து போய் பேசாம இருந்திருந்தா தண்டம் மட்டும் அதை விட ரெண்டு மடங்குக்கு மேல வந்திருக்கும். அவங்க மழையோட மழையா மகனை கூட்டிட்டு கண்டிக்கு பஸ் ஏறி போனாங்க, பென்ஷன் ஸ்டேட்மென்ட்டையும் பேங்க் பேப்பரையும் அடையாள அட்டையையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டு கொண்டு போனாங்க, மத்தியானத்துக்குள்ள வேலை முடிஞ்சு பின்னேர பஸ்ஸுல திரும்பிட்டாங்க. அதே மூணு பேப்பரை இன்னைக்கே எடுத்து ஒரு ஃபைல்ல போடுங்க, மிச்ச கேள்வியை அந்த ஃபைலை கையில வச்சுக்கிட்டு கேளுங்க.